ஆணையும் உறுதிமொழியும்: நம்பிக்கையற்றவரின் சொல்லுக்கு எது பிணை?

மதச் சகிப்புத்தன்மைக்காக ஐரோப்பாவில் எழுதப்பட்ட நூல்களுள் பிற்காலச் சட்டங்களையும் அரசமைப்புகளையும் மிகுதியாகப் பாதித்தது ஜான் லாக்கின் 'சகிப்புத்தன்மை பற்றிய மடல்'. இங்கிலாந்தின் அரச வெறுப்புக்கு ஆளாகி ஆலந்தில் மறைந்து வாழ்ந்த லாக், 1685இல் இதை இலத்தீனில் எழுதினார். 1689இல் கவ்டா நகரில் ஆசிரியர் பெயரின்றி அது அச்சேறியது. மனிதரின் உயிர், உடல், உடைமை ஆகியவற்றைக் காப்பதற்காகவே அரசு ஏற்பட்டது, ஆன்மாவின் மீட்பு அதன் பொறுப்பன்று என்பது நூலின் அடிப்படை. வாளும் சிறையும் ஒருவரின் வெளிநடத்தையை மாற்றக்கூடுமே தவிர, உள்ளத்தில் ஒரு கருத்தை உண்மையென ஏற்கச் செய்ய அவற்றால் இயலாது. ஆகவே வற்புறுத்தப்பட்ட வழிபாடு போலித்தனத்தையே வளர்க்கும் என்று லாக் வாதிட்டார். இத்தனை தெளிவாக வாதிட்டவர், மடலின் இறுதிப் பகுதியில், எவரையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றும் ஒரு வரையறை தருகிறார். மனித சமூகம் நிலைப்பதற்குத் தேவையான ஒழுக்க விதிகளுக்கு எதிரான கொள்கையுடையோர், மாற்று மதத்தாருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டியதில்லை என்போர், தமக்கு அதிகாரம் கிட்டும்வரை மட்டும் சகிப்புத்தன்மையைக் கோருவோர், அயல் மன்னருக்குக் கட்டுப்பட்டோர் ஆகியோர் அவ்வரையறைக்குள் வருகின்றனர். இறுதியாக வருபவர்கள் கடவுள் இல்லை என்போர்.

முதலில் சொல்லப்பட்டவர்களுக்கும் இறுதியில் சொல்லப்பட்டவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை லாக் கவனித்ததாகத் தெரியவில்லை. வாக்கை மீறுவதும், பிறரின் உரிமையைப் பறிக்கக் காத்திருப்பதும் செயல்கள், அல்லது செயலுக்கான ஆயத்தங்கள். கடவுள் இல்லை என்பதோ ஒரு கருத்து மட்டுமே. இக்கருத்துடையவரை வாக்குறுதியும் ஒப்பந்தமும் ஆணையும் கட்டுப்படுத்தா என்பது லாக் கூறும் காரணம். அதாவது, ஒருவர் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, அவர் நம்பாத ஒன்றிலிருந்து அவர் என்ன செய்வார் என்பதை ஊகித்து, அந்த ஊகத்தின்மீது சகிப்பின் எல்லைக்கோடு வரையப்படுகிறது. அடுத்த இருநூறு ஆண்டுகள் இங்கிலாந்தில் நடந்த நீண்ட சட்டப் போராட்டம் பெரும்பாலும் இந்த ஊகத்தைப் பற்றியது.

அந்த ஊகம் அக்காலத்தவருக்கு இயல்பாகத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. கடவுளைச் சாட்சியாக அழைத்து, பொய் சொன்னால் அவர் தண்டனைக்கு உள்ளாவதாக ஏற்றுக்கொண்டு சொல்லப்படும் சொல்லே ஆணை. கடவுளை அழைக்காமல், சொல்பவர் தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்றுக் கூறுவது உறுதிமொழி. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீதிமன்றச் சாட்சியும் அரசுப் பதவியும் பல்கலைக்கழகப் பட்டமும் தொழிற்குழு உறுப்புரிமையும் ஆணையின் வழியாகவே நடந்தன. எழுத்துச் சான்றுகள் அரிதாகவும், புலனாய்வுத் துறை என்று ஒன்று இல்லாமலும் இருந்த காலத்தில், ஒருவர் உண்மை சொல்கிறார் என்பதற்கு அவர் உள்ளத்தின் அச்சத்தைத் தவிர வேறு பிணையைக் கண்டறிய முடியவில்லை. தனிமனித ஒழுக்கம் மத நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது என்ற கருத்து இறையியல் வாதமாக மட்டும் நிற்கவில்லை. ஆட்சி நடத்தும் முறையே அதன்மேல் அமைந்திருந்தது.

இக்கருத்தை வேரிலேயே கேள்விக்கு உட்படுத்தியவர் லாக்கைப் போலவே ஆலந்தில் தஞ்சம் புகுந்திருந்த பிரெஞ்சு புராட்டஸ்தாந்து அறிஞர் பியர் பெய்ல். 1680இல் தோன்றிய வால்மீனைக் கண்டு அஞ்சியோரின் மூடநம்பிக்கையை மறுக்கும் சாக்கில் 1682இல் அவர் வெளியிட்ட நூல், வால்மீனைக் கடந்து நெடுந்தூரம் செல்கிறது. மனிதர் தாம் நம்பும் கொள்கையின்படி நடப்பதில்லை என்பது பெய்லின் முதன்மையான கூற்று. நரகத்தை ஐயமின்றி நம்பும் கிறித்தவர்கள் கொலையும் களவும் செய்கின்றனர். போருக்குச் செல்லும் வீரர்கள் வழிபாட்டை முடித்த கையோடு கொள்ளையடிக்கின்றனர். அவ்வாறாயின் ஒருவரின் நடத்தையை உருவாக்குவது மறுமை பற்றிய நம்பிக்கையன்று. அவரது இயல்பும் பழக்கமும் ஊராரின் மதிப்பை இழந்துவிடுவோமோ என்ற கூச்சமும் சட்டத்தின் தண்டனையுமே. இவை கடவுளை நம்பாதவருக்கும் பொது. ஆகவே நாத்திகர்கள் மட்டுமே வாழும் சமூகம் ஒன்று அமைந்தாலும் அது பிற சமூகங்களைப் போலவே நடைபெறும் என்று பெய்ல் முடிவு கூறினார். 1619இல் துலூசு நகரில் நாத்திகக் குற்றத்துக்காக நாக்கறுக்கப்பட்டு எரிக்கப்பட்ட வனினியை அவர் சான்றாகக் காட்டியது கூர்மையானது. உயிரைக் காத்துக்கொள்ள ஒரு பொய் போதுமாயிருந்த நிலையிலும் தம் கருத்தை மறைக்காதவரை எதற்கும் கட்டுப்படாதவர் என்று எப்படிச் சொல்வது?

இந்த எழுத்துக்குப் பெய்லின் குடும்பம் கொடுத்த விலை பெரிது. அவரைப் பிடிக்க இயலாத பிரெஞ்சு அரசு அவருடைய அண்ணனைச் சிறையிட்டது; புராட்டஸ்தாந்தினருக்கு வழங்கப்பட்டிருந்த உரிமைகள் ரத்தான 1685ஆம் ஆண்டிலேயே அண்ணன் சிறையில் இறந்தார். ஆயினும், அடுத்த ஆண்டு மனச்சான்றின் உரிமைக்காகப் பெய்ல் எழுதிய பெருநூலில் நாத்திகருக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. தவறான மதத்தைப் பின்பற்றுபவரும் கடவுளின் கட்டளைக்குப் பணிவதாகவே கருதுவதால் அவரது மனச்சான்று மதிப்புக்குரியது; நாத்திகரோ தமக்கு மேலான எந்தக் கட்டளையையும் காட்ட முடியாது; ஆதலால் அவர் தம் கருத்தைப் பரப்புவதை ஆட்சியாளர் தடுக்கலாம் என்று அந்நூல் இடம் கொடுக்கிறது. நாத்திகர் ஒழுக்கமுள்ளவராக இருக்கலாம், அவர் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்ற இடத்தில் பெய்லின் எல்லை நிற்கிறது. உண்மையான தடை நம்பிக்கையின்மைக்கு அன்று, அதை வெளிப்படையாகச் சொல்வதற்கே என்ற இந்த அமைப்பு, பின்னர் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் தெளிவாக வெளிப்பட்டது.

அதற்கு முன் ஆணையின் கோட்டை வேறு வாயில்களின் வழியே மெல்லத் திறக்கத் தொடங்கியிருந்தது. ஆணையே இடக்கூடாது என்ற விவிலியக் கட்டளையை எழுத்துப்படி ஏற்ற குவேக்கர்கள், மன்னருக்கு விசுவாச ஆணை எடுக்க மறுத்ததற்காகவே சிறை சென்றனர். வேறு குற்றம் நிறுவ முடியாதபோது, மறுப்பார்கள் என்று தெரிந்தே அவர்களிடம் ஆணையை நீட்டுவது நீதிபதிகளுக்கு எளிய வழியாயிற்று. பொய் சொல்லத் துணிந்த எவரையும் இந்தப் பொறி பிடிக்காது. சொல்லுக்கு அஞ்சியவர்களே அதில் சிக்கினர். 1690களில் அவர்களுக்கு உறுதிமொழிச் சலுகை கிடைத்தது. குற்ற வழக்குகளில் சாட்சி சொல்ல அது பயன்படுவதற்கு மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1833இல் ஜோசப் பீஸ் என்ற குவேக்கர் உறுதிமொழி கூறியே நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

இரண்டாம் வாயில் கல்கத்தாவில் திறந்தது. கல்கத்தா வணிகர் ஓமிசந்த், பார்க்கர் என்ற ஆங்கிலேயரிடமிருந்து வரவேண்டிய பணத்துக்காக இலண்டனில் தொடுத்த வழக்கில், இந்துச் சாட்சிகளிடம் கல்கத்தாவிலேயே வாக்குமூலம் பெறப்பட்டது. பிராமணரின் காலைத் தொட்டு அவர்கள் ஆணையிட்டனர். கிறித்தவர் அல்லாதவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்பது எட்வர்ட் கோக் போன்ற பழைய சட்ட மேதைகளின் நிலைப்பாடு. 1744இல் லார்ட் சான்சலர் ஹார்ட்விக் தலைமையில் இவ்வழக்கைக் கேட்ட நீதிபதிகள் அந்நிலைப்பாட்டை ஒதுக்கி, பொய்யைத் தண்டிக்கும் ஒரு கடவுளை நம்புகிறவர் எவரும் தம் மதத்தின் முறைப்படி ஆணையிட்டுச் சாட்சி கூறலாம் என்றனர். நான்கு திசையிலும் வணிகம் செய்ய விரும்பும் நாடு, அயலாரின் சொல்லை நீதிமன்றத்தில் ஏற்க மறுத்தால் அவ்வணிகம் நடவாது என்ற வாதம் இத்தீர்ப்பில் வலுவாக வேலை செய்தது. கணக்குப் புத்தகம் இறையியலைவிடச் சில வேளைகளில் பரந்த மனத்தைக் காட்டுகிறது. ஆனால் இதே தீர்ப்பு நாத்திகருக்கு எதிரான கதவை மேலும் இறுக்கியது. கிறித்தவர் எதிர் பிறர் என்று இருந்த கோடு, எந்தக் கடவுளையாவது நம்புவோர் எதிர் எதையும் நம்பாதோர் என்று இடம் மாறியது. 1847இல் தேர்ந்தெடுக்கப்பட்டும் கிறித்தவ நம்பிக்கையின்பேரில் ஆணையிட மறுத்ததால் அமர முடியாதிருந்த யூதரான லயனல் டி ராத்சைல்ட் 1858இல் அவைக்குள் நுழைந்தபோது, வெளியே எஞ்சி நின்றவர் ஏறத்தாழ நாத்திகர் மட்டுமே.

இவ்விதியின் முரணை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் மிகச் சுருக்கமாக உடைத்துக் காட்டினார். 1857ஆம் ஆண்டு ஒன்றிலேயே, கிறித்தவத்தைப் பழித்து ஒரு வாயிற்கதவில் எழுதியதற்காகக் கார்ன்வாலில் ஒருவர் 21 மாதச் சிறைத்தண்டனை பெற்றதையும், இறைநம்பிக்கை இல்லையென்று ஒளிக்காமல் கூறிய இருவர் இலண்டனில் நடுவர் குழுவிலிருந்து விலக்கப்பட்டதையும், திருட்டுக் கொடுத்த ஓர் அயல்நாட்டவரின் முறையீடு அதே காரணத்துக்காக ஏற்கப்படாததையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். நாத்திகர் பொய்யர் என்ற அனுமானத்தில் இயற்றப்பட்ட விதி, பொய் சொல்லத் தயங்காத நாத்திகரைத் தாராளமாகச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது. ஊராரின் வெறுப்புக்கு ஆளானாலும் உண்மையையே சொல்வேன் என்பவரை மட்டும் வெளியேற்றுகிறது. இப்படிப்பட்ட விதி தன் நோக்கத்தையே அழித்துக்கொள்கிறது என்பது மில்லின் வாதம். இதற்கு இறையியலாரிடமிருந்து நேரான மறுமொழி எதுவும் வரவில்லை. 1869, 1870 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள், ஆணை ஒருவரின் மனச்சான்றைக் கட்டாது என்று நீதிபதி கருதினால் அவர் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்லலாம் என அனுமதித்தன. சலுகை கிடைத்தது, ஆனால் உன் சொல்லுக்குக் கடவுளின் பிணை இல்லை என்று ஒரு நீதிபதி முதலில் உறுதி செய்த பிறகு.

இச்சட்டங்கள் நாடாளுமன்றத்துக்கும் பொருந்துமா என்ற ஐயத்திலிருந்தே சார்லஸ் பிராட்லாவின் வழக்கு பிறந்தது. இலண்டனின் எளிய குடும்பத்தில் 1833இல் பிறந்த பிராட்லா, ஞாயிறுப் பள்ளி ஆசிரியராக இருந்த இளமையிலேயே நற்செய்தி நூல்களுக்குள் இருக்கும் முரண்களைப் பற்றிப் போதகரிடம் கேள்வி எழுப்பி வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர். பின்னர் படைவீரராகவும் வழக்கறிஞரின் எழுத்தராகவும் இருந்து, 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவினார். செருப்புத் தொழிலாளர் மிகுந்த நார்தாம்ப்டன் தொகுதி அவரை 1880 ஏப்ரலில் தேர்ந்தெடுத்தது. மே மாதம் அவைக்குச் சென்றவர் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். தெரிவுக்குழு மறுத்தது. அவ்வாறாயின் ஆணையையே எடுக்கிறேன் என்றார். அதையும் தடுக்க எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் அவர் அவையைவிட்டு வெளியேற மறுத்தபோது நாடாளுமன்ற மணிக்கூண்டின் அறையில் அடைக்கப்பட்டார். ஜூலையில், சட்டத்தின் விளைவுகளுக்குத் தாமே பொறுப்பு என்ற நிபந்தனையில் உறுதிமொழி கூறி அமர்ந்தார். அது செல்லாது என்று 1881இல் நீதிமன்றம் கூறவே இடம் காலியாயிற்று. அதே தொகுதி அவரை மீண்டும் அனுப்பியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் காவலர்களும் அவை ஊழியர்களும் அவரை இழுத்து வெளியே தள்ளினர். 1882இல் அவரே மேசைக்கு நடந்து சென்று தமக்குத் தாமே ஆணை செய்துவைத்துக்கொண்டார். அவை அவரை நீக்கியது. நார்தாம்ப்டன் மறுபடியும் தேர்ந்தெடுத்தது. ராண்டால்ஃப் சர்ச்சிலைப் போன்ற எதிர்க்கட்சி இளைஞர்களுக்கு இந்த விவகாரம் கிளாட்ஸ்டனின் லிபரல் அரசைத் தொல்லைப்படுத்தக் கிடைத்த நல்வாய்ப்பாக இருந்ததையும் மறுக்க முடியாது. மதத்தைக் காக்கும் போர் என்று சொல்லப்பட்டதில் கட்சிக் கணக்கின் பங்கு சிறிதன்று.

இந்த நாடகத்தில் அதிகம் பேசப்படாத பாத்திரம் ஒன்று உண்டு. நார்தாம்ப்டனிலிருந்து பிராட்லாவுடன் தேர்ந்தெடுக்கப்பட்ட மற்றோர் உறுப்பினர் ஹென்றி லபுஷேர் மத நம்பிக்கை அற்றவர் என்பது இலண்டன் அரசியல் வட்டாரத்தில் தெரிந்த செய்தி. தாம் நார்தாம்ப்டனின் கிறித்தவ உறுப்பினர் என்று அவரே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அவர் வழக்கம்போல் ஆணையிட்டு அமர்ந்தார், யாரும் தடுக்கவில்லை. 1865இல் உறுப்பினரான மில்லும், 1883இல் வந்த ஜான் மார்லியும் அப்படியே. கடவுளைப் பற்றி எதுவும் அறிய முடியாது என்ற நிலைப்பாட்டை ஹக்ஸ்லி போன்ற அறிஞர்கள் விருந்து மேசைகளில் மதிப்போடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே அவை அஞ்சியது நம்பிக்கையற்றவர் உள்ளே வருவதற்கு அன்று, அவர்கள் முன்பே உள்ளே இருந்தனர். நம்பிக்கையின்மையைத் தெருமுனைக் கூட்டங்களில் தொழிலாளரிடம் கொண்டுசென்ற ஒருவர், அதை மறைக்காமல் உள்ளே வருவதே அதற்குத் தாங்க முடியாததாயிற்று. மேல்தட்டினரின் ஐயம் சிந்தனையாகவும், கீழ்த்தட்டினரின் ஐயம் ஒழுக்கக்கேட்டின் முன்னறிகுறியாகவும் கருதப்பட்டன. வேலைக்காரர்கள் கடவுளுக்கு அஞ்சுவது நல்லது என்ற வால்டேரின் கருத்து இங்கிலாந்திலும் உயிரோடிருந்தது.

பிராட்லாவின் பக்கத்தில் குறையே இல்லை என்று சொல்வதும் பொருந்தாது. உறுதிமொழி மறுக்கப்பட்ட பின், ஆணையின் சில சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்றாலும் அதன் நோக்கம் தம்மைக் கட்டுப்படுத்தும் என்று அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் எதிரிகளுக்கு நல்ல ஆயுதமாயிற்று. பொருளற்றது என்று முன்கூட்டியே அறிவித்த சொல்லைப் புனிதமான வடிவில் எப்படி உச்சரிக்க முடியும் என்ற அவர்களது கேள்வியில் நேர்மை இல்லாமலில்லை. தொகுதி மக்களின் உரிமையைக் காக்கும் உத்தி என்பது அவரது தரப்பு விளக்கம். ஆயினும் மில் விவரித்த உண்மை பேசும் நாத்திகர் என்ற பாத்திரத்திலிருந்து அவர் அந்த ஒரு வாரத்தில் விலகினார் என்றே கொள்ள வேண்டும். ஆனாலும் அந்தக் கடிதத்தை எழுதாமல் மௌனமாக ஆணையிட்டிருந்தால் அவர் லபுஷேரைப் போல எளிதாக அமர்ந்திருப்பார் என்பதும் உண்மை. அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம், தான் செய்யப்போவது என்ன என்று முன்னதாகச் சொன்னதே.

பிராட்லாவின் மீதிருந்த வெறுப்புக்கு ஆணை மட்டும் காரணமன்று. கருத்தடை முறைகளை விளக்கும், அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் எழுதிய சிறுநூலை 1877இல் அவரும் அன்னி பெசன்டும் மறுபதிப்புச் செய்து வழக்கை வேண்டுமென்றே வரவழைத்தனர். தண்டனை விதிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு குற்றப்பத்திரிகையின் குறையொன்றால் அது ரத்தாயிற்று. அதைவிடக் கொடிய விளைவு பெசன்டுக்கு நேர்ந்தது. அவர் நாத்திகத்தைப் பரப்புகிறார், இத்தகைய நூலை வெளியிட்டார் என்ற காரணங்களால் அவருடைய சிறு மகள் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டு, மதபோதகரான தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டாள். தாயின் அன்பிலோ பராமரிப்பிலோ குறை இருந்ததாக நீதிமன்றம் கூறவில்லை. தீர்ப்பளித்த ஜார்ஜ் ஜெஸல், இங்கிலாந்தில் உயர் நீதிப் பதவியை எட்டிய முதல் யூதர். அவரது சமூகம் நாடாளுமன்றத்தில் இடம்பெற்று இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. தம் மக்களுக்காகத் திறக்கப்பட்ட வாயில், அடுத்து நிற்பவருக்கும் திறக்க வேண்டும் என்ற உணர்வைத் தானாகவே தந்துவிடுவதில்லை போலும். பின்னர்ப் பிரம்மஞான சபைக்கு மாறி அடையாற்றில் குடியேறிய பெசன்ட், ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தம் ஆகிய இரு சிறுவர்களின் காப்புரிமைக்காக அவர்களின் தந்தையோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடி 1913இல் தோற்று, அடுத்த ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சிலில் வென்றார். ஒருவரின் கொள்கையும் அவரைச் சூழ்ந்தோரின் ஒழுக்கமும் பிள்ளை வளர்க்கும் தகுதியைத் தீர்மானிக்குமா என்ற அதே கேள்வி அவரை இரண்டு கண்டங்களில் பின்தொடர்ந்தது.

நாடாளுமன்றச் சிக்கலைத் தீர்க்கக் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த உறுதிமொழி மசோதா 1883 மே மாதம் 289க்கு 292 என்ற கணக்கில், மூன்றே வாக்குகளில் தோற்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன் கிளாட்ஸ்டன் ஆற்றிய உரை, ஆழ்ந்த ஆங்கிலிக்கப் பற்றுடைய ஒருவர் மதத்தின் பெயராலேயே மதச்சோதனையை மறுத்த அரிய சான்று. ஏதோ ஒரு கடவுளை ஒப்புக்கொண்டால் போதும், யாரும் அமரலாம் என்கிறீர்கள்; மனிதரின் நன்மை தீமையில் அக்கறையற்று எங்கோ தொலைவில் இருக்கும் லுக்ரீசியஸின் தெய்வங்களை நம்புபவரும் உங்கள் சோதனையில் தேறிவிடுவார்; அத்தகைய கடவுளால் ஒழுக்கத்துக்கு எந்தப் பிணையும் இல்லையே என்பது அவர் வாதத்தின் சாரம். ஓமிசந்த் வழக்கு வரைந்த கோடு அந்த உரையில் தர்க்கரீதியாகச் சிதைந்துபோயிற்று. வாக்கெடுப்பில் மட்டும் நிலைத்தது. 1886 ஜனவரியில் புதிய நாடாளுமன்றம் கூடியபோது, ஓர் உறுப்பினர் ஆணையெடுப்பதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று அவைத்தலைவர் பீல் அறிவித்ததோடு பிராட்லா அமர்ந்தார். அவர் முயற்சியால் 1888இல் இயற்றப்பட்ட ஆணைகள் சட்டம், மத நம்பிக்கை இல்லை என்றோ ஆணை தம் மதத்துக்கு மாறானது என்றோ கூறுவோர் எல்லாருக்கும் எல்லா இடங்களிலும் உறுதிமொழியைத் திறந்துவிட்டது. 1891 ஜனவரி 30 அன்று அவர் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, 1880இல் தன்னால் நிறைவேற்றப்பட்ட தடைத் தீர்மானத்தை மக்களவை தன் பதிவேட்டிலிருந்து நீக்கியிருந்தது.

இந்தப் போராட்டத்தைச் சென்னையிலும் சிலர் கூர்ந்து கவனித்து வந்தனர். 1880களில் இயங்கிய சென்னை இலௌகிக சங்கம், தமிழில் 'தத்துவ விவேசினி'யையும் ஆங்கிலத்தில் 'தி திங்க்கர்' என்ற இதழையும் நடத்தி, பிராட்லா வட்டத்தின் கருத்துகளைச் சாதி, சடங்கு, புராணம் பற்றிய உள்ளூர் விவாதங்களோடு இணைத்தது. ஆணை பற்றிய இந்தியச் சட்டம் அப்போது இங்கிலாந்தைவிட ஒரு வகையில் முன்னே சென்றிருந்தது என்பது வியப்பு. கங்கை நீரையும் குர்ஆனையும் தொட்டு ஆணையிடும் முறையை 1840ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களில் நிறுத்தியது. 1873ஆம் ஆண்டின் இந்திய ஆணைகள் சட்டம், இந்துக்களும் முஸ்லிம்களும் மட்டுமன்றி, ஆணையிட மறுப்புடைய எவரும் உறுதிமொழி கூறலாம் என்றது; அந்த மறுப்பு எதனால் என்று நீதிபதி ஆராய வேண்டியதில்லை. பிராட்லாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் மறுக்கப்பட்டது, சென்னை நீதிமன்றக் கூண்டில் ஒரு சாதாரண சாட்சிக்குக் கிடைத்தது. ஆளப்படுவோரின் உள்ளத்தை அறிவதில் ஆள்வோருக்கு அக்கறையில்லாமை சில வேளைகளில் சுதந்திரத்தைப் போலவே பயன் தருகிறது.

அதே சட்டம் மறுபுறத்தில், எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால், அந்தந்தச் சமூகம் கட்டுப்படத்தக்கதெனக் கருதும் சிறப்பு ஆணைகளையும் அனுமதித்தது. கோயில் முன் சூடம் ஏற்றி அணைத்துச் செய்யும் சத்தியத்தின் வலிமையைக் கிராமங்களில் எவரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. பத்திரம் தீர்க்காத வரப்புத் தகராறை அது தீர்த்ததுண்டு. ஆனால் அத்தகைய சத்தியம், ஊரார் எல்லாரும் ஒரே தெய்வத்துக்கு அஞ்சும் வட்டத்துக்குள்தான் செயல்படும். பெய்ல் சொன்ன ஊராரின் மதிப்பும் கூச்சமும் அங்கே தெய்வத்தின் பெயரில் வேலை செய்தன என்று கொண்டாலும் தவறில்லை. 1969ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டம் இச்சிறப்பு ஆணைகளைக் கைவிட்டது. பொய்ச்சாட்சிக்கான தண்டனையில், கடவுளின் பெயரால் பேசியவருக்கும் உறுதிமொழி கூறியவருக்கும் வேறுபாடு எதுவுமில்லை. லாக் எழுப்பிய கேள்விக்குச் சட்டம் தந்த விடை, நம்பிக்கையைச் சோதிப்பதை விட்டு மீறலைத் தண்டிப்பது.

அரசமைப்பு நிர்ணய சபையிலும் கடவுளின் பெயர் விவாதப் பொருளாயிற்று. பதவியேற்பு வாசகத்தில் கடவுளின் பெயரால் ஆணையிடுவதும் உறுதிமொழி கூறுவதும் இணையான இரு வழிகளாக அமைந்தன. முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டுமென 1949 அக்டோபரில் எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவாக 41 பேரும் எதிராக 68 பேரும் வாக்களித்தனர். எதிர்த்தோருள் கடவுளை வணங்குவோரே மிகுதி. தனிமனிதர் தம் சொல்லுக்குக் கடவுளைப் பிணையாக்கலாம், மக்கள் அனைவர் சார்பிலும் அப்படிச் செய்ய இயலாது என்ற வேறுபாட்டை அச்சபை போற்றியது.

இந்த வேறுபாடு தமிழகத்தில் திருமணத்தின் வழியாக மிகுந்த சோதனைக்கு உள்ளாயிற்று. புரோகிதரும் அக்கினியும் மந்திரமும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள், இரண்டு பேர் தமக்குள் கொடுத்துக்கொள்ளும் வாக்குக்குத் தெய்வ சாட்சி தேவையில்லை என்ற கருத்தின் வாழ்க்கை வடிவங்களே. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. சாஸ்திரச் சடங்கோ நிறுவப்பட்ட வழக்காறோ இல்லை என்பது காரணம். பல்லாண்டு ஒன்றாக வாழ்ந்து பிள்ளை பெற்ற இணையரின் வாழ்வு, அவர்கள் எதை நம்பவில்லை என்பதால் ஐயத்துக்கு இடமாயிற்று. பிராட்லாவின் சிக்கல் இங்கும் அதே வடிவில் வருகிறது: நம்பாமலேயே ஒரு புரோகிதரை அமர்த்தி அரைமணி நேரம் புகை மூட்டியிருந்தால் எந்தக் கேள்வியும் எழுந்திராது. 1967இல் அண்ணாதுரை ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறுவதையோ, மாலை அல்லது மோதிரம் மாற்றுவதையோ, தாலி கட்டுவதையோ முழுமையான திருமணமாக ஏற்று, முன்னர் நடந்தவற்றுக்கும் செல்லுபடியை அளித்தது. சடங்கோடு மணப்போருக்கு அச்சட்டம் எந்தத் தடையும் விதிக்கவில்லை.

இக்காலத்தில் கடவுளின் பெயரால் பதவியேற்கும் அமைச்சரும், 2021இல் மு.க. ஸ்டாலின் செய்ததைப் போல உளமார உறுதி கூறிப் பதவியேற்பவரும் ஒரே அவையில் அமர்கின்றனர்; யாருடைய வாக்கு உறுதியானது என்று அந்த வாசகத்தை வைத்து எவரும் முடிவுசெய்வதில்லை. ஆனால் லாக் வகுத்த ஏனைய எல்லைகள் தீர்ந்துவிடவில்லை. தனி நாடு கோரும் கட்சியைத் தேர்தலில் அனுமதிக்கலாமா என்ற கேள்வி, சி.பி. ராமசாமி ஐயர் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின், 1963இல் அரசமைப்பின் பதினாறாம் திருத்தமாக உருப்பெற்றது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று வேட்பாளராக நிற்கும்போதே கூற வேண்டும் என்பது அதன் விதி. அவ்வாசகத்தில் கடவுளின் பெயர் விருப்பத்துக்கு விடப்பட்டது. நாட்டின் ஒருமைப்பாடு விடப்படவில்லை. சோதனையின் இடம் மறுமையிலிருந்து நாட்டெல்லைக்கு மாறியதாகச் சொல்லலாம். ஒருவரின் செயலுக்காகக் காத்திராமல் அவரது கருத்தை வாயிலிலேயே வினவும் முறை மட்டும் பழையதே. இத்திருத்தத்தை எதிர்த்து மாநிலங்களவையில் பேசிய அண்ணாதுரை, அதே ஆண்டில் திராவிட நாடு கோரிக்கையைக் கட்சி கைவிடச் செய்தார். கோரிக்கையைத்தான் கைவிட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் பின்னரும் மறைக்காமல் சொல்லிவந்தார். அதைச் சொன்னதற்காக அவரது உறுதிமொழி செல்லாது என்று கூறி அவரை வெளியேற்ற எந்த அவையும் முற்படவில்லை.